மரமேறுங்கால் கயிற்றையும் மரத்தையும் உராய்வினின்று காத்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கமஞ் செய்வோர் நிலத்தில் மாத்திரம் உழைப்பவரல்லர். அவர்களுடைய வயலும் தோட்டமும் மரங்களை நம்பியே நிற்கின்றன. காலபோக விதைப்புக்கு முன்னர் வயலில் தாழ்ப்பதற்குக் குழை வேண்டும். அதற்காகப் பூவரசிலும் வேம்பிலும் இலுப்பையிலும் ஏறிக் கொப்பு வெட்டுகின்றனர். தோட்டத்து வேலியை அடைப்பதற்குப் பனையோலை வேண்டும். தேங்காய், மாங்காய், பலாப்பழம் என்பன வீட்டுச் செலவுக்கும் சந்தைக்கும் வேண்டும். இவை யாவற்றிற்கும் எவரேனும் ஒருவர் மரமேறுதல் வேண்டும். அவர் கையிலோ காலிலோ இடுப்பிலோ ஒரு கயிறு இருத்தலும் வேண்டும்.

அக்கயிறு அறுந்தால் ஏறியவர் வீழ்வார். வீழ்ந்தவர் உயிர் தப்பினும், முதுகெலும்பு முறிந்தவராய் எஞ்சிய நாளெல்லாம் படுக்கையிற் கிடக்க நேரிடலாம். ஒருவர் உழைப்பில் வாழும் குடும்பத்திற்கு இதனினும் பெரிய நட்டம் வேறில்லை. கயிறு அறுந்த செய்தியைக் கேட்போர், "கயிறு இற்றுப்போயிற்று" என்று ஒரு சொல்லிற் கூறி முடித்துவிடுவர். ஆயின் கயிறு பெரும்பாலும் ஒரு நாளில் இற்றுப்போவதில்லை. ஒரே கவரில், ஒரே இடத்தில், பலமுறை உராய்ந்து தேய்ந்த கயிறே ஒரு நாள் அறுகின்றது. அவ்வாறு கயிறு தேயும்போது மரத்தின் பட்டையும் உரிகின்றது. ஆகவே, கயிற்றைக் காக்கும் முறையும் மரத்தைக் காக்கும் முறையும் ஒன்றே. அதனை விளக்குதல் இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

உராய்வு நண்பனுமாம், பகைவனுமாம்

உராய்வு முற்றாகத் தீயதன்று. பனையேறும் தொழிலாளர் காலிற் பூணும் தளைநாரை நோக்குக. பனைமட்டையின் நாராற் செய்யப்படும் இவ்வளையம் இரு பாதங்களையும் ஒன்றாகப் பிணைக்கின்றது. பாதங்கள் மரத்தின் இரு புறமும் அழுந்த, உடலின் நிறை கீழ்நோக்கி இழுக்க, நார் மரத்தை இறுகப் பற்றுகின்றது. நிறை கூடுந்தோறும் பிடியுங் கூடுகின்றது. உராய்வு இல்லையாயின் எவரும் ஒரு முழந்தானும் ஏறவியலாது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில், ஐப்பசி கார்த்திகை மாதங்களிலே, நனைந்து பாசி படிந்த மரத்தில் ஏறுதல் ஆபத்தாவது உராய்வு குறைவதனாலேயாம்.

எனவே மரமேறுவோர் உராய்வை இரு வகையாகப் பிரித்தறிதல் வேண்டும். உடலைத் தாங்கி நிற்கும் இடத்தில் உராய்வு நண்பன், அதனைப் பேணுக. கயிறு கிளையின்மேல் ஓடுமிடத்தில் உராய்வு பகைவன், அதனைக் குறைக்குக. கயிறு ஓடாது கட்டுண்டு நிற்குமிடத்திலும், காற்றிலும் அசைவிலும் சிறிது சிறிதாக அது தேய்கின்றது. ஆங்கு அணை வைத்துக் காக்குக. பின்வரும் முறைகளெல்லாம் இம்மூன்று விதிகளுள் அடங்கும்.

உராய்வு எவ்வளவு வலியது?

இதனை ஒரு கணக்கினால் உணரலாம். கிணற்றினுள் இறக்கிய நீர்ப்பம்பி ஒன்றைத் தூக்குவதற்காக, அருகில் நிற்கும் மரத்தின் கிளையிற் கயிற்றைப் போட்டு இழுக்கின்றோம் எனக் கொள்க. பம்பியின் நிறை 40 கிலோகிராம். கயிறு கிளையின்மேல் அரைச் சுற்றாகக் கிடக்கின்றது. பட்டை சாதாரணக் கரடுடையதாயின், இழுப்போர் பம்பியின் நிறையைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு, அதாவது 100 கிலோகிராம் அளவிற்கு இழுத்தல் வேண்டும். அப்போது கிளை தாங்கும் சுமை பம்பியின் 40, இழுப்பின் 100, ஆக 140 கிலோகிராம். அதே கயிற்றை நன்கு உருளும் கப்பி ஒன்றினூடாக விட்டால், 45 கிலோகிராம் அளவான இழுப்புப் போதுமானது. கிளை தாங்குவது 85 கிலோகிராம் மாத்திரமே. கப்பி இழுப்போரின் தோளுக்கு இதமளிப்பதோடு, கிளை முறியாமலும் காக்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

பாரத்தை இறக்கும்போது இக்கணக்கு மறுபுறமாகின்றது. கயிற்றை ஒரு கட்டையில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் பிடித்தால், பிடிப்பவர் உணரும் நிறை ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காகக் குறையும். 100 கிலோகிராம் நிறையுள்ள கொப்பை 6 கிலோகிராம் பிடியோடு மெல்ல இறக்கலாம். ஆயின் இறங்கும் பாரத்தின் சக்தியிற் பெரும்பகுதி எங்கே சென்றது? கயிறும் கட்டையும் உராய்ந்த இடத்தில் வெப்பமாக மாறிற்று. அவ்விடம் உயிருள்ள மரத்தின் பட்டையாயின், பட்டை கருகி உரியும்.

கயிற்றுக்கு நேரும் கேடு

தும்புக் கயிறு உராயும்போது அதன் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து மயிர்போலச் சிலிர்த்து நிற்கும். கேடு கண்ணுக்குப் புலனாகும். செயற்கை இழைக் கயிறுகளின் இயல்பு வேறு. அவை வெப்பத்தால் உருகுவன. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் பொலிப்புரோப்பிலீன் கயிறு ஏறத்தாழ 165 பாகை செல்சியசில் உருகும். நைலோன் அதன் வகைக்கேற்ப 220 முதல் 260 பாகை வரை தாங்கும். பாரத்தோடு விரைந்து ஓடும் கயிற்றின் உராயும் முகம் இத்தகைய வெப்பத்தை அடைதல் கூடும். உருகி மீண்டும் உறைந்த இடம் கண்ணாடிபோலப் பளபளத்துத் தடிப்பாக இருக்கும். அப்பளபளப்பைக் கண்டு கயிறு புதிதென எண்ணுதல் தவறு. அது கயிற்றின் நோய்க்குறியாகும்.

மிகக் கொடியது கயிற்றின்மேற் கயிறு ஓடுதலாகும். கிளையில் ஓடும் கயிறு ஒவ்வொரு கணமும் தன் புதிய பகுதியைத் தேய்க்கக் கொடுக்கின்றது. ஆனால் அசையாது நிற்கும் ஒரு கயிற்றின் ஒரே இடத்தின்மேல் மற்றொரு கயிறு ஓடினால், வெப்பம் முழுவதும் அவ்வொரு இடத்திற் சேர்ந்து, வாளால் அறுத்ததுபோல அதனை அறுத்துவிடும். ஆகவே ஒருவர் தம்மைக் கட்டியிருக்கும் கயிற்றோடு, கொப்பு இறக்கும் கயிறு முட்டாதவாறு இரண்டையும் வெவ்வேறு கிளைகளில் இடுதல் வேண்டும்.

மரத்துக்கு நேரும் கேடு

மா, பலா, வேம்பு, இலுப்பை, பூவரசு முதலியன இருவித்திலைத் தாவரங்கள். இவற்றின் பட்டையின் உட்புறத்தே உரியம் என்னும் இழையம் உண்டு. இலைகள் ஆக்கிய உணவு அதன் வழியாகவே வேருக்கு இறங்குகின்றது. அதற்கும் உட்புறத்தே மெல்லிய படலமாக மாறிழையம் உள்ளது. மரம் பருப்பதும் புண் மூடுவதும் அதன் தொழிலாகும். கயிறு பட்டையை உரித்து மாறிழையத்தைத் தேய்த்துவிடின், அவ்விடத்திற் புதிய பட்டை உண்டாகாது. புண்ணின் ஓரங்களிலிருந்தே அது மெல்ல வளர்ந்து மூடுதல் வேண்டும். மூடுவதற்கு முன்னர்ப் பங்கசு நோய்களும் தண்டு துளைக்கும் வண்டுகளும் உட்புக இடமுண்டு.

கிளையைச் சுற்றிப் பட்டை வளையமாக நீங்கிவிட்டால், அதற்கப்பால் உள்ள இலைகளின் உணவு கீழிறங்காது. அடிமரத்தில் இவ்வாறு நேர்ந்தால் வேர் பட்டினி கிடந்து மரம் முழுவதும் படும். ஏறுவதற்காகக் கட்டிய கயிறு மாத்திரமன்று, மரத்தில் நிரந்தரமாகக் கட்டிவைத்த மாட்டுக்கயிறும் ஊஞ்சற் கயிறும் வேலிக்கம்பியும் இதே தீமையைச் செய்கின்றன. மரம் பருக்கப் பருக்கக் கயிறு உள்ளே புதைந்து கழுத்தை நெரிக்கின்றது. பல்லாண்டு பேணிய ஒரு பலாமரம் ஒரு முழக் கயிற்றினாற் படுவதற்கு இடங்கொடுத்தலாகாது.

பனையும் தென்னையும் ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றில் மாறிழையம் இல்லை. அடிமரத்திற் பட்ட புண் ஒருபோதும் மூடுவதில்லை. மரம் உள்ளளவும் வடுவாகவே நிற்கும். ஆகவே ஏறுவதற்கு வசதியாகத் தென்னையிற் படி வெட்டும் வழக்கத்தை முற்றாகக் கைவிடுதல் வேண்டும். வெட்டிய படியில் நீர் தேங்கி அழுகும். இளந்தென்னையிற் படும் புண்ணின் மணம் செங்கூன்வண்டை அழைத்து வரும். அவ்வண்டின் குடம்பிகள் உள்ளே குடைந்து மரத்தையே வீழ்த்திவிடும். பனை காய்ப்பதற்குப் பொதுவாகப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். போர்க்காலத்திற் பெருந்தொகைப் பனைகளை இழந்த நம் நாட்டில், நிற்கும் ஒவ்வொரு பனையும் பேணத்தக்கதேயாம். 1978ஆம் ஆண்டிற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டதும் இவ்வளத்தைக் காத்துப் பெருக்குதற் பொருட்டேயாகும்.

குருநகரிற் கற்கத்தக்க பாடம்

யாழ்ப்பாண நகரின் தெற்கே கடனீரேரிக் கரையில் அமைந்துள்ள குருநகர் கடற்றொழிலாளர் வாழும் ஊராகும். கயிறும் வலையும் அவர்களுடைய முதல். சீநோர் வலைத் தொழிற்சாலை அமைக்கப்பட்டதும் இவ்வூரிலேயே. 1950களின் பிற்பகுதி தொடக்கம் நைலோன் வலைகள் இலங்கையிற் பரவியபோது, பருத்தியும் தும்பும் விட்டுச் செயற்கை இழையைக் கையாளும் வகையைக் கடற்றொழிலாளர் கமக்காரருக்கு முன்னரே பயின்றனர்.

கயிறு கொண்டு தொழில் செய்யும் கடலோடிகள் உலகெங்கும் கைக்கொள்ளும் மூன்று வழக்கங்கள் உள. முதலாவது, நங்கூரக் கயிறு படகின் விளிம்பில் உராயும் இடத்திற் பழந்துணியோ தோலோ சுற்றிக் கட்டுதல். இரண்டாவது, கயிறு எப்போதும் ஒரே இடத்தில் உராயாதவாறு அவ்வப்போது சிறிது நெகிழ்த்தோ இழுத்தோ இடம் மாற்றுதல். ஆண்டிற்கொரு முறை கயிற்றைத் தலைமாற்றிக் கட்டுதல். மூன்றாவது, கயிறு ஓடவேண்டிய இடத்தில் மரத்தின்மேல் ஓடவிடாது, அழுத்தமான வளையத்தினூடாகவோ கப்பியினூடாகவோ ஓடவிடுதல். மீன் வாங்கக் கரைக்குச் செல்லும் கமக்காரர் படகுகளின் கயிறுகளையும் சற்று உற்று நோக்குவாராயின் இவற்றை நேரிற் காண்பர். கடலில் உதவும் இம்மூன்றும் மரத்திலும் உதவுவன.

நிற்கும் கயிற்றுக்கு அணை

உடலைக் கட்டி நிறுத்தும் கயிறு போன்று, ஓடாது ஒரே இடத்தில் நிற்கும் கயிறுகளுக்கு மெத்தென்ற அணை போதுமானது. சணற் சாக்கை நான்காக மடித்துக் கயிற்றுக்கும் பட்டைக்கும் இடையில் வைத்து, நழுவாதவாறு சிறு நூலாற் கட்டுக. அல்லது நீரிறைக்கும் பழைய இறப்பர்க் குழாயில் 2 அடித் துண்டை வெட்டி, கயிற்றை அதனூடே கோத்து, குழாய் கிளையின்மேற் படியுமாறு இடுக. பழைய துவிச்சக்கரவண்டி ரியூப்பும் இதற்குதவும். இறப்பர் மரத்தையும் கயிற்றையும் பற்றிக்கொள்வதால் அணை நகராது.

கயிறு மெல்லியதாயின் பட்டையில் ஆழ வெட்டும். அகன்ற பட்டி அதே நிறையைப் பரந்த இடத்திற் பகிர்கின்றது. ஆதலால் மரத்தைச் சுற்றும் பகுதிக்கு 2 அங்குல அகலமுள்ள நெய்த பட்டியைப் பயன்படுத்துதல் சிறந்தது.

ஓடும் கயிற்றுக்கு வளையமும் கப்பியும்

ஓடும் கயிற்றிற்கு இறப்பர்க் குழாய் ஏற்றதன்று. இறப்பர் கயிற்றைப் பிடித்து இழுப்பதால் உராய்வும் வெப்பமும் மிகும். ஆங்கு வேண்டுவது அழுத்தமான உலோகம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரம் பேணுதலைத் தொழிலாகக் கொண்டோர் இதற்கென ஒரு கருவியைக் கையாளுகின்றனர். அகன்ற பட்டி ஒன்றின் இரு முனைகளிலும் ஒவ்வோர் உலோக வளையம் தைக்கப்பட்டிருக்கும். ஒன்று பெரிது, மற்றையது சிறிது. பட்டி கிளையின்மேற் கிடக்கும். ஏறுகயிறு இரு வளையங்களினூடாகவும் செல்லும். கயிறு ஓடும்போது உலோகத்தில் மாத்திரமே உராய்கின்றது. பட்டி அசையாது கிடப்பதாற் பட்டை உரிவதில்லை. வேலை முடிந்ததும் கயிற்றின் முனையில் ஒரு முடிச்சிட்டு இழுத்தால், அது பெரிய வளையத்தினூடே நுழைந்து சிறிய வளையத்திற் சிக்கிப் பட்டியைக் கீழே கொணரும்.

குழை, காய், கொப்பு என்பவற்றை இறக்குவதற்கு இத்தகைய பட்டியைக் கமக்காரர் தாமே அமைத்துக்கொள்ளலாம். மூட்டு முற்றாக ஒட்டப்பட்டு, அரத்தால் அழுத்தமாக்கப்பட்ட இரும்பு வளையத்தைத் தெரிந்தெடுக்க. விரலாற் சுற்றித் தடவும்போது ஓரிடத்திலேனும் பிசிறு தட்டலாகாது. கிணற்றுக் கப்பி ஒன்றைப் பட்டியிற் கட்டித் தொங்கவிடுதலும் நன்று. கயிறு உருளையினின்று விலகிப் பக்கத்திற் சிக்காதிருக்கின்றதா என முதலிற் பார்க்க. ஆயின் மனிதரைத் தாங்கும் பட்டியும் வளையமும் அதற்கெனவே செய்யப்பட்டு, தாங்கும் நிறை பொறிக்கப்பட்டனவாக இருத்தல் வேண்டும். வீட்டிற் செய்தவற்றை உயிருக்குப் பொறுப்பாக வைத்தலாகாது.

கொப்பு இறக்கும் முறை

பெரிய கொப்பை வெட்டும்போது கயிற்றை மேற்கிளையில் தொங்கும் கப்பியினூடாக விட்டு, கீழே நிற்பவர் அதனைப் பட்டுப்போன கட்டையிலோ நிலத்தில் ஆழ நட்ட கம்பத்திலோ ஒன்றரைச் சுற்றுச் சுற்றிப் பிடித்தல் வேண்டும். உயிருள்ள மரத்தின் அடியிற் சுற்றவேண்டி வரின், சாக்கைப் பலமாகச் சுற்றிக் கட்டியபின் சுற்றுக. கயிற்றைக் கையிற் சுற்றிக்கொள்ளுதல் கூடாது. பாரம் இழுத்தாற் கை அகப்பட்டுவிடும். கொப்பைத் திடீரென விழவிட்டுக் கயிற்றால் நிறுத்துதலும் தவறு. சிறிது தூரம் விழுந்த பாரமுங் கூடத் தன் நிறையைப்போலப் பல மடங்காகக் கயிற்றைத் தாக்கும். கயிறு நிமிர்ந்திருக்கும்போதே வெட்டி, மெல்ல மெல்ல இறக்குக. இறுகி நிற்கும் கயிற்றிற் கத்தி சிறிது பட்டாலும் அது அறும் என்பதையும், மின்கம்பிக்கு அண்மையிலுள்ள மரத்தில் இவ்வேலையைச் செய்யலாகாது என்பதையும் மறவற்க.

பனை, தென்னை ஏறுவோருக்கு

தளைநாரை ஒவ்வொரு முறையும் ஏறுமுன் வளைத்தும் முறுக்கியும் பார்க்க. உலர்ந்த நார் மடிப்பில் ஒடியும். சிறிது நீரில் நனைத்தால் துவளும். எப்போதும் ஒரே பக்கம் மரத்தில் உராயாதவாறு வளையத்தைத் திருப்பிப் பூணுக. ஓரிரு இழைகள் அறுந்தாலும் புதிய நார் முடைந்துகொள்க; மட்டைக்கு நம் நாட்டிற் பஞ்சமில்லை.

கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்திலுள்ள செம்பேரி என்னும் ஊரில் உருவான தென்னையேறும் கருவி இன்று இந்தியாவிற் பல இடங்களிற் புழங்குகின்றது. இரு கால்களுக்கும் தனித்தனிச் சட்டங்களும், மரத்தைச் சுற்றும் உருக்குக் கம்பி வடமும் அதில் உள. 2011ஆம் ஆண்டில் இந்தியத் தென்னை அபிவிருத்திச் சபை 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஆண்களுக்கும் பெண்களுக்கும் கருவி கொண்டு ஏறும் பயிற்சியை அளித்தது. இத்தகைய கருவியிலும் விதி மாறுவதில்லை. மரத்தைப் பற்றும் இறப்பர் அணை தேய்ந்து உலோகம் வெளித்தெரிந்தால், பிடி குறையும்; மரமும் புண்படும். வடத்தின் ஓரிழை அறுந்து முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தால் அதனை மாற்றாது ஏறலாகாது. கருவியோடு உடலைத் தனியே கட்டும் காப்புக் கயிறு ஒன்றும் வேண்டும்.

கயிற்றைச் சோதித்தலும் வைத்தலும்

மரமேறும் கயிறு மரமேறுவதற்கு மாத்திரமே பயன்படுதல் வேண்டும். மாடு கட்டியதும் கிணற்றிற் கிடந்ததும் உழவு இயந்திரத்தை இழுத்ததுமான கயிறு இதற்கு ஆகாது. ஏறுமுன் கயிற்றின் முழு நீளத்தையும் கையினாற் தடவிக் கண்ணாற் காண்க. ஓரிடம் மெலிந்திருத்தல், தடித்திருத்தல், விறைத்திருத்தல், பளபளத்திருத்தல், நிறம் மாறியிருத்தல் ஆகியன தீக்குறிகள். புரிகளைச் சற்றே பிரித்து உள்ளே நோக்குக. வெளியே நன்றாய் உள்ளே தூளாய் இருக்கும் கயிறுகளும் உண்டு. மணல் உட்புகுந்தால் அது அரம்போல உள்ளிருந்தே அறுக்கும். நல்ல நீரிற் கழுவி நிழலில் உலர்த்துக.

முடிச்சிட்ட இடத்திற் கயிற்றின் வலிமை மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை குறையும். நனைந்த நைலோன் தன் வலிமையிற் பத்திலொரு பங்களவு இழக்கும். வெயிலிற் கிடந்த பொலிப்புரோப்பிலீன் பொடியாய் உதிரும். கயிற்றை வெயில் படாத இடத்தில், எலி எட்டாத உயரத்தில், சுருட்டித் தொங்கவிடுக. கிருமிநாசினி, யூரியா, சுண்ணாம்பு, மின்கலத்து அமிலம் என்பன வைத்துள்ள அறையில் வைக்கற்க. அமிலம் நைலோனை இரகசியமாக அரித்துவிடும்.

புண்பட்ட மரத்துக்குச் செய்யவேண்டியது

பட்டை உரிந்துவிட்டால், தொங்கும் துண்டுகளைக் கூரிய சுத்தமான கத்தியால் நல்ல பட்டை வரை சீவி, புண்ணைக் காற்றோட்டமாக விடுக. சாணமோ தாரோ பூசுவதால் இருவித்திலை மரங்களின் புண் விரைந்து ஆறுவதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்து அழுகலை வளர்த்தலும் கூடும். மரத்திற்கு நீரும் பசளையும் குறைவின்றி அளித்து, அவ்வாண்டில் அதில் மேலும் கொப்பு வெட்டாது விடுதலே நல்ல மருந்தாகும்.

சுருங்கக் கூறின்

1. உடலைத் தாங்கும் இடத்திற் பிடிப்பையும், கயிறு ஓடும் இடத்தில் வழுக்கலையும் தேடுக.
2. நிற்கும் கயிற்றுக்குச் சாக்கு அல்லது இறப்பர்க் குழாய். ஓடும் கயிற்றுக்கு வளையம் அல்லது கப்பி.
3. கயிற்றின்மேற் கயிற்றை ஓடவிடற்க.
4. பனையிலும் தென்னையிலும் படி வெட்டற்க.
5. ஏறுமுன் கயிற்றைச் சோதிக்க. ஐயம் தோன்றின் ஏறற்க.
6. வேலை முடிந்ததும் மரத்திற் கயிற்றை விட்டுவைக்கற்க.

கமக்காரர்களே! ஒரு பழஞ்சாக்கும் ஒரு முழக் குழாயும் உங்கள் வீட்டில் எங்கேனும் ஒரு மூலையிற் கிடக்கும். அடுத்த முறை குழை வெட்ட மரத்தடிக்குச் செல்லும்போது கத்தியோடு அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கூலிக்கு ஏறுபவரேயாயினும், அவர் கயிற்றைப் பார்த்த பின்னரே அவரை ஏறவிடுங்கள். அவரும் ஒரு குடும்பத்தின் தலைவர். மேலும் விவரம் வேண்டுவோர் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுக.